நாற்காலியை விட்டு எழுந்த தலைமை நீதிபதி: ஹாம்மர்ஃபெஸ்டிலிருந்து ஆஸ்லோ வரை

திங்கள், ஹாம்மர்ஃபெஸ்ட்

நார்வேயின் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த பால் பெர்க் 1873 ஜனவரி 18 அன்று பிறந்த ஊர் இது. ஆனால் அவருடைய பிள்ளைப் பருவத்து வீடு என்று காட்டுவதற்கு இங்கே எதுவும் மிஞ்சவில்லை. வட அட்சரேகை 70 பாகையைத் தாண்டி அமைந்திருக்கும் இந்தத் துறைமுகம் 1890இல் பெரும்பகுதி தீக்கிரையாகி, மறு ஆண்டே மின்சாரத் தெருவிளக்குகளோடு எழுந்து நின்றது. 1944–45 குளிர்காலத்தில் சோவியத் படைக்கு முன்னால் பின்வாங்கிய ஜெர்மானியர்கள், எதிரிக்கு ஒதுங்க ஒரு கூரையும் கிடைக்கக்கூடாது என்று ஹிட்லர் இட்ட ஆணைப்படி, வட கோடி மாவட்டமான ஃபின்மார்க் முழுவதையும் கொளுத்திக்கொண்டே போனபோது இந்த ஊரும் அடியோடு அழிந்தது. ஏறத்தாழ 50,000 பேர் பலவந்தமாகத் தெற்கே கொண்டுசெல்லப்பட்டார்கள். குகைகளிலும் மலைக் குடிசைகளிலும் ஒளிந்து அந்த மாரிக்காலத்தைக் கழித்தவர்களும் ஆயிரக்கணக்கில் உண்டு.

ஊர் எரிந்த பிறகு தப்பி நின்ற ஒரே கட்டடம் 1937இல் கட்டிய கல்லறைத் தோட்டத்துச் சிற்றாலயம். வெள்ளைச் சுவர்களும் சிறிய கோபுரமும் கொண்ட அதன் முன் நிற்கையில், தெருவுக்கு அப்பால் 1961இல் கட்டப்பட்ட புதிய தேவாலயம் கண்ணை இழுக்கிறது. மீன் உலர்த்தும் மரச்சட்டங்களின் வடிவத்தையொட்டி முக்கோணமாக எழுப்பிய அதன் உட்சுவரில் பீடப்படம் கிடையாது. அந்த இடத்தை உயரமான வண்ணக் கண்ணாடிச் சன்னல் நிறைத்திருக்கிறது. மறுகட்டுமான அருங்காட்சியகத்தில் தற்காலிகக் குடிசைகளின் உட்புறத்தை அப்படியே அமைத்து வைத்திருக்கிறார்கள். ஒரே அறைக்குள் அடுப்பும் கட்டிலும் துணிக்கொடியும் நெருக்கியடித்துக் கிடக்க, ஒரு குடும்பம் அதற்குள் எப்படித் திரும்பிப் படுத்திருக்கும் என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறது. போருக்குப் பின் எழுந்த மீன் பதனிடும் ஆலைகள்தான் இந்தக் கடற்கரைக்கு மறுபடி உயிர் கொடுத்தன. 1980களில் ஃபின்மார்க் மீன்பிடி ஊர்களுக்கு வந்து அத்தகைய ஆலைகளில் வேலை செய்த ஈழத்தமிழர்களின் கதை தனியே எழுதப்பட வேண்டியது.

பெர்க்கின் பெயரைத் தமிழில் நான் அதிகம் பார்த்ததில்லை. நார்வேயின் எதிர்ப்பியக்கம் என்றதும் ஜெர்மனியின் அணு ஆய்வுக்கு வேண்டியிருந்த கனநீரைத் தயாரித்த ஆலையைத் தகர்த்த வீரர்களைப் பற்றியே பேசுகிறோம். சட்டம் படித்து, லிபரல் கட்சியின் சார்பில் 1919–20இல் சமூகநல அமைச்சராகவும் 1924–26இல் நீதி அமைச்சராகவும் இருந்து, 1929இல் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியான ஒருவர், எழுபது வயதை ஒட்டிய காலத்தில் தலைமறைவு இயக்கமொன்றின் தலைவரானது எப்படி என்பதே இந்தப் பயணத்தில் நான் பின்தொடர விரும்பும் விஷயம். தொழிலாளர் சட்டத்தில் அவர் நாட்டின் முன்னணி அறிஞர். முதலாளியையும் தொழிற்சங்கத்தையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பழகிய மனிதர் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் 1940இல் அவர் செய்தவை விளங்கும்.

செவ்வாய், கப்பலில்

தெற்கே போகும் கடலோரக் கப்பல் நண்பகலை ஒட்டிக் கிளம்பி நள்ளிரவு நெருங்கும்போது துரோம்ஸோவை அடைகிறது. ஜூன் மாதமாதலால் நள்ளிரவு என்பது கடிகாரத்தில் மட்டுந்தான். கரையோரக் குன்றுகள் மரமின்றிச் சாம்பல் நிறத்தில் நீள, இடையிடையே பத்துப் பதினைந்து வீடுகளும் ஒரு படகுத்துறையும் வந்து போகின்றன. கப்பலின் காபிக்கு அவர்கள் கேட்கும் விலையைப் பற்றி எழுதினால் பதிவு திசைமாறிவிடும்.

புதன், துரோம்ஸோ

1940 ஜூன் 7 அன்று மன்னர் ஏழாம் ஹாக்கோனும் பட்டத்து இளவரசர் ஓலாவும் அமைச்சர்களும் பிரிட்டிஷ் போர்க்கப்பல் டெவன்ஷயரில் ஏறி நாட்டை விட்டு வெளியேறியது இந்த ஊரிலிருந்துதான். அதற்கு முந்தைய சில வாரங்கள் துரோம்ஸோவே நார்வேயின் தலைநகரம்போல் இயங்கியது. துறைமுகத்தைச் சுற்றி நடந்தபடியே, மன்னர் இங்கே இருந்த அந்த நாட்களில் தலைமை நீதிபதி ஆஸ்லோவில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை யோசித்தேன். அவருடைய வாழ்க்கையில் மிகவும் சங்கடமான பகுதி அது.

ஏப்ரல் 9 அதிகாலையில் ஜெர்மனி தாக்கியது. அன்று மாலையே, நாஜி ஆதரவுக் கட்சியொன்றின் தலைவரான விட்குன் குவிஸ்லிங் வானொலி நிலையத்துக்குப் போய்த் தன்னைப் பிரதமர் என்று அறிவித்துக்கொண்டார். அரசாங்கம் வடக்கே ஓடிக்கொண்டிருந்தது. தலைநகரில் சட்டப்படியான அதிகாரம் பெற்ற அமைப்பாக மிஞ்சியிருந்தது உச்ச நீதிமன்றம் மட்டுமே. பெர்க்கும் மற்ற முக்கியஸ்தர்களும் ஜெர்மன் தூதர் குர்ட் பிராயருடன் பேச்சுவார்த்தையில் இறங்கினார்கள். குவிஸ்லிங்கை அகற்றிவிட்டு, ஆக்கிரமிக்கப்பட்ட பகுதிகளின் சிவில் நிர்வாகத்தை மட்டும் கவனிக்க ஒரு நிர்வாகக் குழுவை உச்ச நீதிமன்றமே நியமிப்பது என்று முடிவாயிற்று. ஏப்ரல் 15 அன்று, இங்கோல்ஃப் கிறிஸ்டென்சன் தலைமையில் அந்தக் குழு பொறுப்பேற்றது. குவிஸ்லிங்குக்கு முகம் கோணாமல் விலக ஒரு வழி விடப்பட்டது; படைக்கலைப்புக்கான ஆணையர் என்று ஒரு பதவியைக் கொடுத்து அவரை ஒதுக்கினார்கள். ஆறே நாளில் அவருடைய முதல் ஆட்சி முடிந்தது.

வடக்கிலிருந்த அரசாங்கத்துக்கு இது பிடிக்கவில்லை. அரசியல் சட்டத்தில் இப்படியொரு குழுவுக்கு இடமே கிடையாது. எதிரியோடு உட்கார்ந்து பேசி அமைத்த நிர்வாகம், நாட்டின் வேறொரு மூலையில் போர் நடந்துகொண்டிருக்கையில், யாருக்குச் சேவை செய்கிறது என்ற கேள்வி நியாயமானது. என் கணிப்பில் பெர்க் செய்தது ஒரு வழக்கறிஞரின் கணக்கு: அன்றாட நிர்வாகம் நின்றுபோனால் மக்கள் பட்டினி கிடப்பார்கள், துரோகி ஒருவனை நாற்காலியில் விடுவதைவிட எந்த ஏற்பாடும் மேல் என்ற கணக்கு. கணக்கின் முதல் பாதி பலித்தது. அந்தக் குழுவை ஒரு படியாகக் கொண்டு மன்னரையும் இணங்கவைக்கலாம் என்று பிராயர் எதிர்பார்த்தது நடக்கவில்லை. ஹிட்லர் அவரைப் பதவி நீக்கினார். ஏப்ரல் 24 அன்று யோசெஃப் டெர்போவனை நார்வேயை ஆளும் ஆணையராக நியமித்தார். நாஜிக் கட்சிக்காரரான டெர்போவனிடம் தூதரகப் பழக்கங்கள் எதுவும் கிடையாது.

மாலை விமானத்தில் ஆஸ்லோ.

வியாழன், எல்வெரூம்

ஹாமர் வரை ரயில், அங்கிருந்து பேருந்து. ஸ்டோர்டிங் எனப்படும் நாடாளுமன்றம் ஏப்ரல் 9 அன்று ஆஸ்லோவிலிருந்து ஹாமருக்கும், ஜெர்மானியர் துரத்திவருவது தெரிந்ததும் இங்கேயும் ஓடிவந்து, இரவில் ஒரு மக்கள் கல்லூரிக் கட்டடத்தில் கூடி, நாட்டின் நலன்களைக் காக்கும் முழு அதிகாரத்தையும் அரசாங்கத்துக்கு வழங்கியது. நாடுகடந்த அரசு லண்டனில் ஐந்தாண்டுகள் ஆணைகள் பிறப்பித்ததெல்லாம் இந்த ஓர் இரவின் தீர்மானத்தின் பலத்தில்தான். மறுநாள் இதே ஊரில் பிராயரைச் சந்தித்த மன்னர், குவிஸ்லிங்கைப் பிரதமராக்குவதைவிட முடிதுறப்பேன் என்ற முடிவுக்கு வந்தார். அதற்கடுத்த நாள் ஊரின் மேல் குண்டுகள் விழுந்தன. மரங்களடர்ந்த அமைதியான சிற்றூர். பார்க்க அதிகமில்லை, பிற்பகலிலேயே திரும்பிவிட்டேன்.

வெள்ளி, உச்ச நீதிமன்றம்

1903இல் கட்டப்பட்ட இந்தக் கருங்கல் மாளிகையை வடிவமைத்தவர் ஹன்ஸ் யாகோப் ஸ்பார்ரே. விசாரணைகள் பொதுமக்களுக்குத் திறந்தவை. பாதுகாப்புச் சோதனை முடிந்ததும் மாடிக்கு அனுப்பிவிடுகிறார்கள். கறுப்பு அங்கியில் சிவப்பு வெல்வெட் பட்டை வைத்த ஐந்து நீதிபதிகள் வளைந்த மேசைக்குப் பின்னால் அமர்ந்திருக்க, வழக்கறிஞர் எதிரே நின்று நிதானமாகப் பேசிக்கொண்டே போனார். இங்கே வாதம் இன்னமும் பெரும்பாலும் வாய்மொழியாகவே, ஒரு நாள் இரண்டு நாள் என்று நடக்கிறது. ஒரு சொல்லும் புரியாவிட்டாலும் நீதிபதிகள் குறுக்கிடாமல் கேட்ட பொறுமை புரிந்தது. நம்மூர் உயர் நீதிமன்றத்தில் வழக்கு அழைக்கப்படும் சத்தத்தைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது வேறு உலகம்.

பெர்க் வெளியேறிய நீதிமன்றம் இது. அந்த வெளியேற்றத்தைப் புரிந்துகொள்ள 1940இன் பின்பாதியைப் பார்க்க வேண்டும். கோடையில் டெர்போவன் நாடாளுமன்றத் தலைமையை நெருக்கி, மன்னரை முடிதுறக்கச் சொல்லிக் கடிதம் எழுதவைத்தார், மன்னர் மறுத்துவிட்டார். செப்டம்பர் 25 அன்று டெர்போவன் பேச்சுவார்த்தை நாடகத்தை முடித்துக்கொண்டு, நிர்வாகக் குழுவைக் கலைத்து, குவிஸ்லிங்கின் கட்சியைத் தவிர மற்ற எல்லாக் கட்சிகளையும் தடைசெய்து, தாமே பொறுக்கியெடுத்த ஆணைய அமைச்சர்களை அமர்த்தினார். நீதித்துறை ஸ்வெர்ரே ரீஸ்னஸ் கைக்குப் போயிற்று. அவர் நீதிமன்ற அமைப்பிலேயே கைவைக்கத் தொடங்கியதும் உச்ச நீதிமன்றம் எழுத்துமூலம் ஆட்சேபித்தது.

ஆட்சேபத்துக்கு இரண்டு வேர்கள். 1907ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையின் 43ஆம் விதி, ஆக்கிரமித்த நாட்டில் நடப்பிலிருக்கும் சட்டங்களை, முற்றிலும் முடியாத நிலை வந்தாலன்றி, ஆக்கிரமிப்பாளர் மதித்தாக வேண்டும் என்கிறது. ஜெர்மனியும் அதற்குக் கட்டுப்பட்ட நாடு. இன்னொன்று நார்வேயின் சொந்த மரபு. 1814ஆம் ஆண்டு அரசியல் சட்டத்துக்கு முரணான சட்டத்தை நீதிமன்றம் நடைமுறைப்படுத்தாது என்ற கொள்கை 1866ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றிலேயே தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தது. சட்டங்களின் செல்லுபடியை நீதிமன்றம் ஆராயும் வழக்கத்தில் அமெரிக்காவுக்கு அடுத்தபடியாக மூத்த நாடுகளில் நார்வேயும் ஒன்று. ஆகவே ஆணையரின் கட்டளைகளையும் சர்வதேசச் சட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் கடமை தங்களுக்கு உண்டு என்றார்கள் நீதிபதிகள். டிசம்பர் தொடக்கத்தில் டெர்போவனின் பதில் வந்தது: அவருடைய ஆணைகளின் செல்லுபடியைப் பற்றிப் பேச நார்வேயின் எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரம் இல்லை.

டிசம்பர் 12 அன்று நீதிபதிகள் அனைவரும் கையெழுத்திட்டு ஒரு கடிதம் அனுப்பினார்கள். அறைகூவலோ அடைமொழியோ இல்லாத கடிதம் அது. சட்டங்களின் செல்லுபடியை ஆராய்வது எங்கள் கடமை, போர்க்கால ஆக்கிரமிப்பின்போது அது சர்வதேசச் சட்டத்துக்கும் பொருந்தும், ஆணையர் சொல்வதை ஏற்றால் நாங்கள் கடமை தவறியவர்களாவோம், எனவே பதவியில் தொடர முடியாது என்பதே அதன் சாரம். சில நாள் கழித்து இன்னொரு கடிதத்தில் காரணங்களை விரித்து எழுதிவிட்டு எழுந்து போனார்கள். காலி நாற்காலிகளில் குவிஸ்லிங்கின் ஆட்கள் உட்கார்ந்தார்கள்.

நீதிபதிகள் பதவியிலேயே இருந்திருந்தால் சில உயிர்களையாவது காப்பாற்றியிருக்கலாமே என்ற வாதத்தை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். கீழமை நீதிமன்றங்கள் பெரும்பாலும் போர் முழுவதும் இயங்கத்தான் செய்தன; சாதாரண மனிதர்களின் சொத்துத் தகராறும் திருட்டு வழக்கும் ஆக்கிரமிப்பு வந்ததால் நின்றுவிடுவதில்லை. ஆனால் அரசியல் வழக்குகளில் பலவற்றை ஜெர்மானியரின் சொந்த நீதிமன்றங்களே எடுத்துக்கொண்டன. உச்ச நீதிமன்றம் தொடர்ந்திருந்தால் அதனால் நடந்திருக்கக்கூடிய நன்மை ஒரு கைப்பிடி. அதன் முத்திரையால் டெர்போவனுக்குக் கிடைத்திருக்கும் மரியாதையோ பெரிது. ஏப்ரலில் எதிரியோடு உடன்பாடு கண்ட அதே மனிதர் டிசம்பரில் எழுந்து போனதில் முரண்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஏப்ரல் ஏற்பாட்டில் சட்டத்துக்கு இன்னும் ஒரு மூச்சு இருந்தது. டிசம்பரில் அதையும் நிறுத்தச் சொன்னார்கள்.

அந்த விலகலின் விளைவு உடனே பரவியது. 1941 பிப்ரவரியில் நாடெங்கும் தேவாலயங்களில் வாசிக்கப்பட்ட ஆயர்களின் சுற்றுமடல், நீதிபதிகளின் விலகலை எடுத்துச் சொல்லியே தன் வாதத்தைத் தொடங்கியது. அதன் பின்னால் இருந்தவர் ஆஸ்லோ ஆயர் ஐவின்ட் பெர்க்ராவ். 1942இல் நாஜி ஆசிரியர் சங்கத்தில் சேர மறுத்து 14,000 ஆசிரியர்களில் சுமார் 12,000 பேர் கடிதம் அனுப்பினார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கைதாகி, அவர்களில் ஏறத்தாழ 500 பேர் வட கோடியிலிருக்கும் கிர்க்கெனெஸுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். கடைசியில் அந்தச் சங்கத் திட்டம் கைவிடப்பட்டது. ஒவ்வொரு தொழிலும் தன் தொழில் தர்மத்தின் பெயரால் மறுப்பது என்ற வழியை முதலில் காட்டியது இந்தக் கட்டடம்.

சனி, ஆக்கர்ஷூஸ் கோட்டை

கடல்முகத்தைப் பார்த்து நிற்கும் இடைக்காலக் கோட்டைக்குள் 1970இல் திறக்கப்பட்ட எதிர்ப்பியக்க அருங்காட்சியகம் உள்ளது. நுழைந்ததும் ஜெர்மன் துப்பாக்கிகளை ஸ்வஸ்திக வடிவில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதைக் கடந்தால் அறைக்குப் பின் அறையாகச் சிறு பொருள்கள்: விறகுக்கட்டைக்குள் ஒளித்த வானொலி, மங்கிய எழுத்துகளில் உருட்டச்சிட்ட இரகசியச் செய்தித்தாள்கள், ஒற்றுமைக்கு அடையாளமாகச் சட்டைக் காலரில் செருகிய காகிதக் கவ்விகள். 1941இல் வானொலிப் பெட்டிகளைப் பறிமுதல் செய்த பிறகு, லண்டன் ஒலிபரப்பை ஒளிந்து கேட்டு எழுதிப் பரப்புவதே ஆயிரக்கணக்கானோரின் வேலையாக இருந்தது. ஒரு தாளின் விளிம்பில் தட்டச்சுப்பொறியின் ஓ எழுத்து காகிதத்தைக் குத்தித் துளைத்திருந்தது. அடியில் பல பிரதிகள் விழ வேண்டுமென்று யாரோ ஓங்கி அடித்திருக்கிறார்கள்.

நாற்காலியை விட்ட பெர்க் வீட்டில் சும்மா உட்காரவில்லை. 1941இல் உருவான, க்ரெட்சன் என்று அழைக்கப்பட்ட சிறு வட்டத்தின் மையத்தில் அவர் இருந்தார். புள்ளியியல் துறை இயக்குநர் குன்னர் யான் முதலானவர்கள் அதில் இருந்தார்கள். லண்டன் அரசோடு தொடர்பு வைப்பதும் விடுதலைக்குப் பின் ஆட்சி எப்படி மாற வேண்டும் என்று திட்டமிடுவதும் அவர்கள் வேலை. ஆசிரியர்கள், பாதிரிமார்கள், விளையாட்டு வீரர்கள் ஆகியோரின் மறுப்புகளை ஒழுங்குபடுத்த ஒருங்கிணைப்புக் குழு ஒன்று தனியே இருந்தது. பெர்க்கோடு பதவி விலகிய நீதிபதி ஃபெர்டினான்ட் ஷெல்டெருப் அதன் முக்கியப் புள்ளி. ஆயுதப் பிரிவு மில்லோர்க். இந்த மூன்று ஓடைகளும் போரின் பிற்பகுதியில் உள்நாட்டு முன்னணித் தலைமை என்ற ஒரே அமைப்பில் கலந்தபோது, அதன் தலைவர் பெர்க்.

மில்லோர்க்கை நடத்தியவரும் வழக்கறிஞர்தான் என்பது எனக்குச் சுவையான செய்தி. யென்ஸ் கிறிஸ்டியன் ஹௌகெ 1915இல் பிறந்தவர். விடுதலை வந்த மே மாதத்தில்தான் முப்பது வயது முடிந்தது. 72 வயது தலைமை நீதிபதியும் அவரும் ஒரே மேசையில். ஆயுதங்களைப் பற்றி ஒரு தலைமுறைக்கும் சட்டபூர்வத்தைப் பற்றி இன்னொரு தலைமுறைக்கும் இருந்த கவலைகள் மோதாமலா இருந்திருக்கும்? ஆனால் அவர்கள் வெளியிட்ட அறிவுறுத்தல்களில் இரண்டும் ஒன்றாகவே பேசுகின்றன. 1944 வசந்தத்தில் தொழிற்சேவை என்ற பெயரில் இளைஞர்களைத் திரட்ட குவிஸ்லிங் அரசு முயன்றபோது, போகாதே என்ற சொல் பரவ, பையன்கள் காடுகளுக்குள் மறைந்தார்கள். அழைப்பாணைகளை அச்சிடும் இயந்திரம் இருந்த ஆக்கர்ஸ்காட்டா 55ஆம் எண் கட்டடத்தை மே 18 அன்று குன்னர் ஸன்ஸ்டெபியின் குழு தகர்த்தது. உச்ச நீதிமன்றத்திலிருந்து அது நடந்து போகும் தூரம்.

கோட்டைச் சுவரை ஒட்டியே, இங்கே சுட்டுக்கொல்லப்பட்டவர்களுக்கான நினைவுக்கல். பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துவிட்டே வெளியே வந்தேன்.

ஞாயிறு, துறைமுகமும் மெல்லர்காட்டாவும்

1945 மே தொடக்கத்தில் நார்வேயில் மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட ஜெர்மன் வீரர்கள் தோல்வியே காணாமல் இருந்தார்கள். மில்லோர்க்கில் இருந்தவர்கள் சுமார் 40,000. பேர்லின் வீழ்ந்த பிறகும் இங்கே கடைசிப் போர் ஒன்று நடக்கலாம் என்ற அச்சம் உண்மையானது. உள்நாட்டு முன்னணித் தலைமை மக்களுக்குச் சொன்னது மூன்றே சொற்கள்: கண்ணியம், அமைதி, கட்டுப்பாடு. டெர்போவன் மே 8 அன்று ஸ்கௌகூம் மாளிகையின் பதுங்குகுழியில் வெடிவைத்துத் தற்கொலை செய்துகொண்டார். மறுநாள் குவிஸ்லிங் மெல்லர்காட்டா 19ஆம் எண் காவல் நிலையத்தில் சரணடைந்தார். எத்தனையோ எதிர்ப்பியக்கத்தாரை அடைத்து வதைத்த சிறை அது. இன்று காலை நான் போனபோது அந்தத் தெருவில் டிராம் கம்பிகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அரசர் ஜூன் 7 அன்று, துரோம்ஸோவை விட்டுச் சென்ற அதே தேதியில், நகராட்சி மாளிகை எதிரேயுள்ள இந்தத் துறையில் வந்திறங்கினார். அதையடுத்துப் புதிய அரசு அமைக்குமாறு பெர்க்கை அழைத்தார். முயற்சி தோற்றது. கட்சிகள் ஐந்தாண்டுக்குப் பின் மீண்டும் மூச்சுவிடத் தொடங்கியிருந்தன. கட்சிகளுக்கு மேலே நின்ற ஒரு முதியவரின் பின்னால் அணிவகுக்க அவற்றுக்கு மனமில்லை. சிறையிலும் முகாமிலும் போரைக் கழித்த தொழிலாளர் கட்சித் தலைவர் ஐனார் கெர்ஹார்ட்சன் ஜூன் 25 அன்று அனைத்துக் கட்சி அமைச்சரவை அமைத்தார். முப்பது வயது ஹௌகெ அவ்வாண்டு நவம்பரில் பாதுகாப்பு அமைச்சரானார். இருட்டில் நாட்டை நடத்தத் தகுதியானவர் வெளிச்சத்தில் வேண்டாம் என்ற அந்த முடிவு அநியாயம் என்று முதலில் நினைத்தேன். யோசிக்கையில், தேர்தலில் நிற்காத ஒருவர் பிரதமராகாமல் போனதை அவரே குறையாகக் கொண்டிருக்க முடியாது என்று படுகிறது.

பெர்க் தம் பழைய நாற்காலிக்குத் திரும்பினார். காத்திருந்த வேலை, போராட்டத்தைவிடச் சிக்கலானது. தேசத்துரோக வழக்குகளுக்கான ஆணையை லண்டன் அரசு 1944 டிசம்பரில் பிறப்பித்திருந்தது. அதை உருவாக்கியதில் உள்நாட்டு முன்னணியின் வழக்கறிஞர்களுக்கும் பங்கு உண்டு. எந்தச் சட்டத்துக்கும் பின்னோக்கிய விளைவு கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 97ஆம் பிரிவு. குவிஸ்லிங்கின் கட்சியில் உறுப்பினராக இருந்ததையே குற்றமாக்கி, ஆக்கிரமிக்கப்பட்ட நாட்டில் யாரும் படித்திராத ஓர் ஆணையால் தண்டிப்பது எப்படிப் பொருந்தும் என்று கேட்டவர்கள் எல்லோரும் நாஜி ஆதரவாளர்கள் அல்லர். துரோகம் போருக்கு முன்பிருந்தே குற்றந்தான், ஆணை தண்டனையை வகைப்படுத்தியது மட்டுமே என்பது மறுதரப்பின் பதில். பெரிய துரோகங்களுக்கு அந்தப் பதில் போதும். சந்தா கட்டியதற்கு மேல் எதுவும் செய்யாத சிறிய உறுப்பினருக்கு அது போதுமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. மரண தண்டனை விதிக்கப்பட்ட முதல் நார்வேகாரர் ரெய்டார் ஹாலாண்டின் மேல்முறையீட்டை 1945 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தள்ளியது; அம்மாதம் 17 அன்று அவர் ஆக்கர்ஷூஸில் சுடப்பட்டார். குவிஸ்லிங்கும் அங்கேயே, அக்டோபர் 24 அன்று. மொத்தம் 37 பேருக்கு மரண தண்டனை நிறைவேறியது: 25 நார்வேகாரர்கள், 12 ஜெர்மானியர்கள். விசாரிக்கப்பட்டோர் 90,000ஐத் தாண்டினார்கள். பெர்க் 1946இல் ஓய்வு பெற்றார். 1968 மே 24 அன்று தம் 95ஆம் வயதில் அவர் இறந்தபோதும், அந்த வழக்குகளைப் பற்றிய சட்ட விவாதம் நார்வேயில் ஓய்ந்திருக்கவில்லை.